ஆட்டுக்கு வந்த கிளமிடியாவும் மனிதருக்கு வரும் கிளமிடியாவும் ஒன்றா?

எருத்தேம்பதிப் பக்கம் ஆடு வளர்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பட்டியில் 11 சினை ஆடுகள். அதில் 4 ஆடுகள், ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே குட்டி வீசிவிட்டன. மிருகாஸ்பத்திரியில் மாதிரி எடுத்து அனுப்பினார்கள். வந்த தாளில் ‘கிளமிடியா’ என்று இருக்கிறது. போனில் தேடினால் வருவதெல்லாம் பால்வினை நோய். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதை வாசித்துக் காட்டிச் சிரித்தாராம். மனைவிக்கு இப்போது ஆறாம் மாதம். “ஆட்டுக்கு இந்த நோய் எப்படி வந்தது, எங்களிடமிருந்து போனதா, அதிலிருந்து எங்களுக்கு வருமா? எங்கள் பாட்டிக்கு இமைமுடி உள்ளே திரும்பிக் கண் போனதும் இதே கிளமிடியாவால்தான் என்கிறார்கள். ஒரே கிருமி எப்படி மூன்று வேலை செய்யும்?” என்று எழுதியிருக்கிறார். போன வருடம் பொள்ளாச்சி சந்தையில் வாங்கிய மூன்று ஆடுகளில் ஒன்று குட்டி வீசியது, வெயிலால் இருக்கும் என்று விட்டுவிட்டோம் என்று கடைசியில் ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

தம்பி, கிருமியைப் பற்றிக் கேட்பதுபோல எழுதியிருந்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி ‘வீட்டில் யார் மேலாவது தப்பா’ என்பதுதான் என்று நினைக்கிறேன். இல்லை. ஆட்டின் சினையைக் கலைப்பது வேறு கிருமி, மனிதருக்குப் பால்வினை நோய் தருவது வேறு கிருமி. குடும்பப் பெயர் மட்டும் ஒன்று. ஒரே வீட்டுப்பெயர் உள்ள இரண்டு பேரில் ஒருவர் மேல் கேஸ் இருந்தால் மற்றவரைப் பிடித்துக்கொண்டு போன கதைதான் உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் செய்தது. ஆனால் இதனால் உங்கள் மனைவிக்கு ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது. ஆட்டின் கிருமி கர்ப்பிணிக்குத் தொற்றினால் மோசமானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

இன்றிலிருந்து பிரசவம் ஆகும்வரை அவர் பட்டிப் பக்கம் போகவே வேண்டாம். ஈன்ற ஆடு, வீசிய குட்டி, நஞ்சு (நஞ்சுக்கொடி), புதிதாகப் பிறந்த குட்டி எதையும் தொட வேண்டாம். நீங்கள் பட்டியில் போட்டிருந்த சட்டையையும் லுங்கியையும் அவர் துவைக்கக் கூடாது, நீங்களே தனியாகத் துவைத்துக்கொள்ளுங்கள். செருப்பைப் பட்டி வாசலிலேயே விடுங்கள். குட்டி வீசிய ஆட்டின் நஞ்சிலும் அதோடு வடியும் நீரிலும் இந்தக் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். காய்ந்த பிறகும் தூசியோடு மூக்கில் ஏறும். கர்ப்பிணிகளுக்கு இது தொற்றுவது அபூர்வம்தான். தொற்றியவர்களில் சிலருக்குக் கடும் காய்ச்சல், கருச்சிதைவு, நுரையீரல் பாதிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகப் போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அவர் ஏற்கெனவே நஞ்சைத் தொட்டிருந்தாலோ, காய்ச்சல், உடம்புவலி வந்தாலோ, மகப்பேறு டாக்டரிடம் “வீட்டில் ஆடு குட்டி வீசியது” என்று நீங்களாகச் சொல்லித் தாளைக் காட்டுங்கள். கர்ப்பிணியிடம் ஆட்டைப் பற்றி விசாரிக்கும் டாக்டரை நான் இதுவரை பார்த்ததில்லை.

நான் மனித மருத்துவன் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம், பாலக்காட்டுச் சீமையில், ஒரு கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் 22 வருடம் பாக்டீரியா மேசையில் உட்கார்ந்தவன். ஐஸ் பெட்டியில் வந்த நஞ்சுத் துண்டுகளைப் பார்த்தே பாதி ஆயுள் போனது. ஆட்டைப் பற்றி நான் சொல்வது கையால் தொட்டுத் தெரிந்தது, மனிதரைப் பற்றிச் சொல்வது படித்துத் தெரிந்தது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பெயர்க் குழப்பம் பழையது. 1907இல் ஜாவாவில் ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாசெக் என்ற இருவர், டிரக்கோமா என்ற இமை நோய் வந்தவர்களின் கண்ணிலிருந்து சுரண்டி எடுத்ததை ஒராங்குட்டான் கண்ணில் ஏற்றிப் பார்த்தார்கள். குரங்கின் இமைச் செல்லுக்குள், உட்கருவை ஒட்டி, போர்வை போர்த்ததுபோல ஒரு திரள் தெரிந்தது. தோளில் போடும் மேலாடைக்குக் கிரேக்கத்தில் ‘கிளமிஸ்’ என்று பெயர், அதிலிருந்து வந்ததுதான் கிளமிடியா. உயிருள்ள செல்லுக்கு வெளியே எந்த வளர்ப்புத் தட்டிலும் வளராததால் இதை வைரஸ் என்றே வெகுகாலம் நம்பினார்கள். சீனாவில் தாங் ஃபெய்ஃபான் என்பவர் கோழிமுட்டைக் கருவில் இதை வளர்த்து 1957இல் வெளியிட்டார். டிரக்கோமாவுக்குக் காரணம் இதுதானா என்று பார்க்கத் தன் கண்ணிலேயே ஏற்றிக்கொண்ட மனிதர் அவர். ஆட்டுக் கதை தனியாக ஓடியது. 1950இல் ஸ்காட்லாந்தில் செம்மறிகளின் சினைச் சிதைவுக்குக் காரணமாக இதே சாயலில் ஒன்றைக் கண்டார்கள். அதைக் கிளிக்காய்ச்சல் தரும் ‘சிட்டாசி’ என்ற இனத்தோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். மரபணுவை வைத்து ‘அபார்ட்டஸ்’ என்று தனி இனமாகப் பிரித்தது 1999இல்தான். எங்கள் கூடத்துப் பழைய பதிவேட்டில் ஆட்டு நஞ்சுக்கு எதிரே ‘சிட்டாசி’ என்று இருக்கும். கிளிக்கும் ஆட்டுக்கும் என்ன சார் சம்பந்தம் என்று புதிதாக வந்த பிள்ளைகள் கேட்பார்கள்.

ஆக, உங்கள் கேள்வியில் வரும் பால்வினை நோயும் கண் நோயும் ‘டிரக்கோமாட்டிஸ்’ என்ற இனத்தின் வேலை. அதற்கு இயற்கையில் மனிதர் மட்டும்தான் வீடு. உங்களிடமிருந்து ஆட்டுக்குப் போயிருக்குமோ என்ற பேச்சுக்கு இடமே இல்லை. உங்கள் பட்டியில் இருப்பதாகத் தாள் சொல்வது, அநேகமாக, அபார்ட்டஸ். ‘அநேகமாக’ என்று ஏன் இழுக்கிறேன் என்பது பின்னால் வரும்.

நம் பக்கம் நிலக்கடலை போடுகிறவர்களுக்கு இந்தக் கிருமியை விளக்குவது எளிது. இதற்கு இரண்டு உருவம், ஒன்று விதை, இன்னொன்று செடி. விதை உருவத்தை மூவாயிரம் வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர் வரும், அவ்வளவு சின்னது. அதன் தோல், கந்தகப் பிணைப்புகளால் நெருக்கித் தைத்த சாக்குபோலக் கெட்டி. வெளியே கிடக்கும்போது பெருகாது, காத்திருக்கும். ஒரு செல்லைத் தொட்டதும் ஊசிபோன்ற ஒரு கருவியால் தன் புரதங்களை அந்தச் செல்லுக்குள் குத்தி இறக்குகிறது. அதில் ஒரு புரதம், செல்லின் உள்சட்டமான ஆக்டின் இழைகளை அந்த இடத்தில் குவியவைக்கிறது. செல் தானே வாய் திறந்து கிருமியை விழுங்கிவிடுகிறது. இப்படி விழுங்கியது வழக்கமாகச் செல்லின் செரிமானப் பைக்குப் போய்க் கரைய வேண்டும். இது போவதில்லை. தன்னைச் சுற்றியிருக்கும் பையின் சுவரில் தன் சொந்தப் புரதங்களைச் செருகி, பையின் முகவரியையே மாற்றிவிடுகிறது. செல்லோ தன் சரக்குப் பைதான் என்று எண்ணிக் கொழுப்பு கொண்டுவந்து கொடுக்கிறது.

உள்ளே வந்த சில மணி நேரத்தில் விதை முளைக்கும். மூன்று மடங்கு பருத்த, தோல் மெலிந்த செடி உருவமாகிப் பெருகும். ஒரு நாள் கழியும்போது ஒவ்வொன்றாக மறுபடி விதையாகச் சுருங்க ஆரம்பிக்கும். இரண்டு மூன்று நாளில் செல் வெடித்தோ, பையோடு வெளியே தள்ளியோ, நூற்றுக்கணக்கான விதைகள் அடுத்த செல்லுக்குப் போய்விடும். தொற்றுவது விதை மட்டும்தான், செடி வெளியே வந்தால் பிழைக்காது. இந்தச் சுழற்சி தெரிந்தால் மருந்து விஷயமும் புரியும். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு இருக்கும் செல்சுவர்ப் பொருள் இதனிடம் இருக்கிறதா இல்லையா என்று பல வருடம் சண்டை நடந்தது. சுவரை உடைக்கும் பென்சிலின் கொடுத்தால் கிருமி பாதிக்கப்பட்டது, சுவரைத் தேடினால் காணோம். பிளக்கும் இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய வளையமாக அது இருக்கிறது என்று 2014இல் காட்டினார்கள். பென்சிலின் கொடுத்தால் கிருமி சாகாமல் ஊதிப்போய் நிற்கும், மருந்தை நிறுத்தினால் மறுபடி எழும். செல்லுக்குள் புகுந்து, கிருமி புரதம் கட்டுவதைத் தடுக்கும் டெட்ராசைக்ளின், அசித்ரோமைசின் வகைகள்தான் இதற்குப் பொருத்தம். கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஓர் ஊசியைப் போட்டுவிட்டுச் சரியாகவில்லை என்பவர்களுக்காக இதைச் சொன்னேன்.

மரபணுவுக்கு வருவோம். டிரக்கோமாட்டிஸின் முழு மரபணுத் தொகுதியையும் 1998இல் படித்து முடித்தார்கள். 10,42,519 டிஎன்ஏ எழுத்துகள், 894 மரபணுக்கள். நம் குடலில் இருக்கும் சாதாரண ஈ.கோலைக்கு 46 லட்சம் எழுத்து, நாலாயிரத்துக்கு மேல் மரபணு. ஆட்டின் அபார்ட்டஸை 2005இல் படித்தார்கள், 11 லட்சத்து 44 ஆயிரம் எழுத்து, 961 மரபணு. ஏன் இவ்வளவு சின்னது என்றால், மூன்று வேளையும் சமைத்துப் போடும் வீட்டில் ஒண்டியிருப்பவனுக்கு அம்மி எதற்கு, உரல் எதற்கு? செல்லுக்குள்ளேயே வாழ்ந்து பழகிய பல கோடி வருடங்களில், தானே செய்துகொள்ளத் தேவையில்லாத பொருள்களுக்கான மரபணுக்களை ஒவ்வொன்றாகத் தொலைத்துவிட்டது. ஏடிபி என்கிற சக்திக் காசைக்கூடச் செல்லிடமிருந்து எடுத்துக்கொண்டு செலவான காசைத் திருப்பித் தரும் ஒரு பம்பு வைத்திருக்கிறது. முழுக்க முழுக்கத் திருட்டுச் சக்தியில் வாழ்வது என்றுதான் முன்பு பாடம் நடத்துவார்கள். மரபணுத் தொகுதியைப் படித்தபோது, சர்க்கரையை உடைத்துத் தானே ஏடிபி செய்யும் மரபணுக்களும் இருந்தன. சோம்பேறிதான், ஆனால் கையாலாகாதது இல்லை. அதே தொகுதியில் நிஜத் தாவரங்களில் இருப்பதைப் போன்ற மரபணுக்கள் சிலவும் இருந்தன. அவை எப்படி அங்கே வந்தன என்பதற்கு இரண்டு மூன்று விளக்கங்கள் உண்டு, எதையும் தீர்ப்பு என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

‘ஒரே கிருமி மூன்று வேலை’ என்ற உங்கள் கேள்விக்குப் பதில், தொலைத்ததையும் தொலைக்காததையும் ஒப்பிட்டால் கிடைக்கும். டிரக்கோமாட்டிஸுக்குள்ளேயே ஏ, பி, சி வகைகள் கண்ணுக்கு, டி முதல் கே வரை பிறப்புறுப்புக்கு, எல் வகைகள் நிணநீர் முடிச்சுகளுக்குள் இறங்குபவை. இவற்றுக்குள் மரபணு வித்தியாசம் மிகக் குறைவு. நம் உடம்பு இந்தக் கிருமியோடு போடும் சண்டையில் ஒரு தந்திரம் பட்டினி போடுவது. காமா இன்டர்ஃபெரான் என்ற அபாயச் செய்தி வந்ததும், செல் தன்னிடமிருக்கும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைத் தானே உடைத்துத் தீர்த்துவிடும். அது இல்லாமல் கிருமியால் புரதம் கட்ட முடியாது. பிறப்புறுப்பு வகைகளிடம், இண்டோல் என்ற பொருளிலிருந்து டிரிப்டோஃபேனைச் செய்துகொள்ளும் நொதியின் மரபணு பழுதில்லாமல் இருக்கிறது. இண்டோலை, அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் வேறு பாக்டீரியாக்கள் தருகின்றன. கண் வகைகளில் அதே மரபணு உடைந்து கிடக்கிறது. 2003இல் இது வெளிவந்தபோது நான் அந்தக் கட்டுரையின் நகலை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு மரபணு உடைந்ததா இல்லையா என்பது, கிருமி உடம்பில் எந்த இடத்தில் குடியிருக்கிறது என்பதோடு அவ்வளவு ஒட்டிப்போகிறது. ஒட்டிப்போகிறது என்பதுவரை உறுதி. கண் வகை கண்ணிலேயே நிற்பதற்கு இது ஒன்றுதான் காரணமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஆட்டின் அபார்ட்டஸிடம் இந்த டிரிப்டோஃபேன் மரபணுக்களே கிடையாது. மனித வகைகளின் சில உறவினர்களிடம் இருக்கும் நச்சுப் புரத மரபணுவும் இல்லை. அதற்குப் பதிலாக, வெளிச்சுவரில் நிற்கும் ஒரு புரதக் குடும்பம் டிரக்கோமாட்டிஸில் 9 இருக்க, இதில் 18. செல்லில் ஒட்டுவதற்கும் உடம்பின் காவலை ஏமாற்றுவதற்கும் இவை உதவும் என்று கருதுகிறார்கள். இவற்றால்தான் ஆட்டின் நஞ்சைத் தேடிப் போகிறதா என்பதை இன்னும் யாரும் நிரூபித்துக் காட்டவில்லை. இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஒரு மரபணுவின் வேலை என்ன என்று தெரிய அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கிளமிடியாவுக்குள் வெளியிலிருந்து ஒரு மரபணுவை நிலையாக நுழைப்பதே 2011இல்தான் கைகூடியது. அதற்கு முந்தைய நூல்களில் ‘இந்த மரபணு இதைச் செய்கிறது’ என்று அடித்துச் சொல்லியிருப்பதில் பாதி, சாட்சியை வைத்துச் செய்த ஊகம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் உங்கள் வீட்டுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. டிரக்கோமாட்டிஸிடம் பெரிய மரபணுத் தொகுதிக்கு வெளியே, சுமார் 7,500 எழுத்து கொண்ட ஒரு குட்டி வளையம் உண்டு. பிளாஸ்மிட் என்பார்கள். அந்த வளையம் தொலைந்த கிருமி விலங்குச் சோதனைகளில் சப்பென்று ஆகிவிடுகிறது. மனிதருக்கான பல பிசிஆர் (கிருமியின் டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் முறை) பரிசோதனைகள் இந்த வளையத்தைத்தான் தேடுகின்றன, ஏனென்றால் ஒரு கிருமிக்குள் அது பல நகல்கள் இருக்கும், கண்டுபிடிக்க வசதி. 2006இல் சுவீடனில் அந்த வளையத்தில் 377 எழுத்துகள் உதிர்ந்த ஒரு வகை பரவியது. சோதனை தேடிய இடமே அந்த 377க்குள் இருந்ததால், நோயாளிகள் நோயில்லை என்ற தாளோடு வீட்டுக்குப் போனார்கள். எண்ணிக்கை திடீரென்று குறைந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். ஆட்டு அபார்ட்டஸில் பொதுவாக அந்த வளையமே கிடையாது. ஆகவே உங்கள் மனைவிக்கு வழக்கமான கிளமிடியா பரிசோதனை எடுத்து ‘இல்லை’ என்று வந்தால், டிரக்கோமாட்டிஸ் இல்லை என்றுதான் அர்த்தம். ஆட்டின் கிருமி இல்லை என்று ஆகாது. டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள்.

நோய் எப்படி உண்டாகிறது என்று கேட்டால், காலராபோல ஒரு பெரிய விஷத்தைக் கக்கி ஆளைச் சாய்ப்பது இதன் வழக்கம் இல்லை. பெரும்பாலான சேதத்தை நம் உடம்பின் எதிர்வினைதான் செய்கிறது. தொற்றிய செல்கள் கூக்குரல் போட்டு வெள்ளணுக்களை அழைக்கும், வீக்கம் வரும், ஆறும், தழும்பாகும். மறுபடி தொற்று, மறுபடி தழும்பு. டிரக்கோமாவில் சின்ன வயதில் திரும்பத் திரும்பத் தொற்றி, இமையின் உள்பக்கம் தழும்பேறிச் சுருங்கி, வயதான காலத்தில் இமைமுடி உள்ளே திரும்பிக் கருவிழியை உரசும். பரவுவது கை, துண்டு, ஈ மூலம். உடலுறவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் பாட்டிக்கு வந்தது அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஏனென்றால் வயதானால் இமை தளர்ந்தும் முடி உள்ளே திரும்பும். பஞ்சாப், ராஜஸ்தான் பக்கம் அளவுக்கு டிரக்கோமா தெற்கே இருந்ததில்லை. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் இந்தியா அதை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது. பெண்களின் கருக்குழாயிலும் இதே தழும்புக் கதைதான். முக்கால்வாசிப் பேருக்கு அறிகுறியே இருக்காது. அவர்களில் சிலருக்கு உள்ளே தழும்பேறிப் பின்னால் குழந்தையில்லை என்று வரும்போதுதான் தெரியும். கிருமியின் ஒரு புரதம் நம் உடம்பின் புரதம் ஒன்றைப்போலவே இருப்பதால் உடம்பு தன்னையே தாக்கிக்கொள்கிறது என்று ஒரு கொள்கை நெடுநாளாக ஓடுகிறது. அந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்குக் குழாய் அடைப்பு கூடுதலாக இருப்பது உண்மை, ஆனால் அது காரணமா விளைவா என்று கேட்டால் கைவிரிக்க வேண்டியதுதான்.

இனி உங்கள் பட்டி. சந்தையில் வாங்கி வந்த ஆடு போன வருடம் குட்டி வீசியதே, அன்றைக்கு மற்ற ஆடுகள் அந்த நஞ்சை முகர்ந்திருக்கும், நக்கியிருக்கும், அந்த இடத்துப் புல்லை மேய்ந்திருக்கும். கிருமி வாய், மூக்கு வழியாக உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். எங்கே ஒளிகிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை. ஆடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அடுத்த சினை பிடித்து மூன்று மாதம் தாண்டும்போது எழுந்து நஞ்சின் செல்களுக்குள் இறங்கும். குட்டிக்குச் சோறும் காற்றும் போகும் வழி அங்கே அழுகி வீங்கிப்போகும். ஐந்து மாதச் சினையில் கடைசி இரண்டு மூன்று வாரத்தில் குட்டி விழுவது அதனால்தான். முதல் வருடம் ஒன்று, மறு வருடம் நான்கு என்பது பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே இருக்கிறது. வெயில்மேல் பழி போட வேண்டாம்.

நஞ்சைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். நல்ல நஞ்சில், பொத்தான்போன்ற முடிச்சுகளுக்கு இடையில் இருக்கும் சவ்வு கண்ணாடிபோல மெல்லியதாக இருக்கும், கீழே வைத்த தாளின் எழுத்து தெரியும். இந்த நோயில் அந்தச் சவ்வு தடித்து, ஊறிய தோல்போல மடிப்பு மடிப்பாக, செங்காவி நிறச் சீழ் படிந்து இருக்கும். குட்டி மட்டும் ரோமம் முளைத்து, உருவம் முழுதாக, தூங்குவதுபோலக் கிடக்கும். முதல் தடவை பார்த்தபோது தட்டி எழுப்பலாம்போல இருந்தது. முடிச்சிலிருந்து ஒரு பூச்சு எடுத்துச் சாயம் போட்டால், நீலப் பின்னணியில் குங்குமத்தைத் தெளித்ததுபோலச் சிவப்புப் புள்ளிகள் கொத்துக் கொத்தாகத் தெரியும். அவைதான் விதைகள்.

இங்கேதான் என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், இப்படிச் சிவப்புப் புள்ளி பார்த்து ‘கிளமிடியா’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தட்டில் போட்ட மாதிரியில் சில நாள் கழித்து வளர்ந்தது புரூசெல்லா. கன்றுவீச்சு நோய் தரும் அதே புரூசெல்லா கூட்டம், இந்தச் சாயத்தில் அதுவும் சிவப்பாகத்தான் தெரியும். கியூ காய்ச்சல் தரும் காக்சியெல்லாவும் அப்படியே. நான் திருத்தி அனுப்புவதற்குள், அந்தப் பட்டியில் வேலை செய்த பையன் காய்ச்சலோடு வாரக்கணக்கில் டைபாய்டு மாத்திரை தின்றுகொண்டிருந்தான். ரத்தச் சோதனையிலும் இந்த வம்பு உண்டு. கிளமிடியாக் குடும்பம் முழுவதற்கும் வெளித்தோலில் ஒரு பொதுவான கொழுப்புச் சர்க்கரை இருக்கிறது. அதற்கெதிரான எதிர்ப்பொருளைத் தேடும் பழைய சோதனைகள், ஆட்டுக் குடலில் சும்மா கிடக்கும் பெக்கோரம் என்ற இனத்தைப் பார்த்தும் ‘ஆம்’ என்று சொல்லிவிடும். மனிதருக்குச் செய்யும் எதிர்ப்பொருள் சோதனையிலும் இந்தக் குழப்பம் வரலாம். இனத்தைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவது நஞ்சில் செய்யும் பிசிஆர்தான். ‘அநேகமாக’ என்று நான் இழுத்ததற்குக் காரணம் இதுவே.

அதனால் கால்நடை டாக்டரிடம் புரூசெல்லாவுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை பாலை நன்றாகக் கொதிக்கவைக்காமல் யாரும் குடிக்க வேண்டாம், குழந்தைக்கு நல்லது என்று பச்சை ஆட்டுப்பால் கொடுக்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. மீதி 7 சினை ஆடுகளையும் வீசிய நான்கிலிருந்து பிரித்துக் கட்டுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி போடலாமா என்று டாக்டர் முடிவு செய்வார். அது சில குட்டிகளைக் காப்பாற்றும், நஞ்சு ஏற்கெனவே கெட்டிருந்தால் காப்பாற்றாது, கிருமியை முழுதாக ஒழிக்கவும் ஒழிக்காது. இனி விழும் நஞ்சைக் கையுறையும் முகக்கவசமும் போட்டு எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், முதலில் ஒரு துண்டைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு. கிளமிடியாவால் ஒருமுறை வீசிய ஆடு பெரும்பாலும் மறுமுறை வீசாது, எதிர்ப்பு வந்துவிடும். ஆகவே அந்த நான்கையும் அவசரப்பட்டுச் சந்தையில் தள்ளாதீர்கள், அப்படி யாரோ தள்ளியதுதான் உங்கள் வீட்டுக்கு வந்தது. புரூசெல்லா என்று வந்தால் கணக்கே வேறு, அப்போது பேசுவோம்.

இப்போதைக்கு எனக்கு ஒன்று வேண்டும். அந்தத் தாளில் மாதிரி என்ற இடத்தில் ரத்தமா நஞ்சா, முறை என்ற இடத்தில் எலைசாவா (எதிர்ப்பொருள் தேடும் சோதனை), பிசிஆரா, வெறும் சாயப் பூச்சா என்று பார்த்துச் சொல்லுங்கள். மலையாளத்தில் இருந்தால் பெயர், விலாசத்தை மறைத்துவிட்டு அப்படியே போட்டோ எடுத்துப் போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.